ஒரு நாற்காலி போதும்

அந்த அலுவலகத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கம்பளியக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்குக்கூடத் தெரியும். சர்வர் அறையில் எப்போதும் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும், உள்ளே போகும்போது அவள் ஒரு பழுப்புநிறக் கம்பளிச் சட்டையை மாட்டிக்கொள்வாள்; வெளியே வரும்போது கழற்ற மறந்துவிடுவாள். அப்படியே காய்கறி வாங்கப் போய், "உடம்பு சரியில்லையாம்மா?" என்று கடைக்காரர் கேட்டதும் உண்டு.

நகர நிர்வாகத்தின் கணினிப் பிரிவு அது. சர்வர் அறையில் பெரிய மெஷின் ஒன்றுதான். ஆனால் அதற்குள்ளே முப்பதுக்கும் மேற்பட்ட மெஷின்கள் குடியிருந்தன. வி.எம். என்று சொல்வார்கள். கணக்குப் பிரிவுக்கு ஒன்று, பிறப்பு இறப்புப் பதிவுக்கு ஒன்று, குடிநீருக்கு ஒன்று, தெருவிளக்குக்கு ஒன்று. ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்று நம்பிக்கொண்டிருக்கும். உண்மையில் எல்லாம் ஒரே வீட்டில் ஒண்டுக்குடித்தனம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்கு மராமத்து நடந்தது. பழைய மென்பொருளை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டார்கள். அப்கிரேடு நல்லபடியாக முடிந்துவிட்டது என்று கம்பளியக்கா கடவுளுக்கு நன்றி சொல்லிவிட்டுத் தூங்கப் போனாள். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் திறந்ததும் போன்கள் அலற ஆரம்பித்தன. திறக்கச் சொன்ன பக்கம் திறக்கவில்லை. அச்சடிக்கச் சொன்ன காகிதம் வரவில்லை. பதிவு அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்துவிட்டது.

அந்தப் பிரிவில் ஒரு வழக்கம் வேரூன்றியிருந்தது. எந்தத் துறையிலிருந்தாவது, "மெஷின் மெதுவா இருக்கு" என்று போன் வந்தால், "ரெண்டு போட்டு விடு" என்பார்கள். அந்த வி.எம்முக்கு இன்னும் இரண்டு ப்ராசஸர் ஒதுக்க வேண்டும் என்று அர்த்தம்; ப்ராசஸர் என்றால் மெஷினின் மூளை, எல்லா வி.எம்மும் மாறி மாறிப் பயன்படுத்துவது. போன் பண்ணியவர் மனம் குளிர்ந்துபோவார். கம்பளியக்காவுக்கும் யாரையும் வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. இப்படி இரண்டிரண்டாகச் சேர்ந்து, கணக்குப் பிரிவிடம் பதினான்கு ப்ராசஸர் இருந்தன. இந்தத் திங்கட்கிழமையும் போன் பண்ணிய எல்லாருக்கும் இரண்டிரண்டு போட்டுப் பார்த்தார்கள்; கணக்குப் பிரிவுக்குப் பதினாறானது. செவ்வாய்க்கிழமை நிலைமை இன்னும் மோசமானது.

புதன்கிழமை காலையில் மேலாளர் அவளையும் வக்கீலையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். வக்கீல் உண்மையில் வக்கீல் இல்லை. அவளோடு வேலை பார்க்கும் கணினிக்காரன்தான். காப்பி சூடாக இருக்கிறது என்று யாராவது சொன்னால்கூட, "சூடுன்னா எதை வெச்சு?" என்று வாதாடுவான். அதனால் அந்தப் பெயர். அவளைவிட இரண்டு வயது மூத்தவன். ஆனாலும் அக்கா என்றே கூப்பிடுவான்.

மேலாளருக்கும் ஒரு பெயர் உண்டு, அவருக்குத் தெரியாமல். பாக்கலாம் சார். எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். பொல்லாத மனிதர் இல்லை. பயந்த மனிதர். அன்றைக்கு அவர் பாக்கலாம் என்று சொல்லவில்லை.

"மெஷினை வித்த கம்பெனிக்காரன்கிட்டப் பேசிட்டேன். புது மெஷின் வாங்கணும்கறான். அது அடுத்த வருஷம்தான் முடியும். நாளைக்கு ராத்திரிக்குள்ள கணக்குப் பிரிவு ஆண்டுக் கணக்கை முடிச்சாகணும். மேலிடத்துலேருந்து என் கழுத்துல கத்தி வெச்சிருக்காங்க. அதனால சின்ன வி.எம். எல்லாத்தையும் நிறுத்திடுவோம். பெரிசுங்களுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்."

"எதையெல்லாம் சார் நிறுத்தறது?" என்று கேட்டாள் கம்பளியக்கா.

"எங்கேருந்து புகாரே வரலையோ அதையெல்லாம். இந்த அமர்க்களத்துலயும் ஒரு போன்கூட வரலைன்னா, யாரும் அதை உபயோகிக்கலைன்னுதானே அர்த்தம்?" அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். முதலில் இருந்த பெயர் 'குரல் உதவி.'

"சார், அது காது கேக்காதவங்களுக்கான சேவை."

"சரி."

"அவங்க எப்படி சார் போன் பண்ணிப் புகார் சொல்லுவாங்க?"

வக்கீல் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டான். மேலாளரின் முகம் ஒரு கணம் தடுமாறியது. ஆனால் பயம் வெட்கத்தைவிட வேகமானது.

"தற்காலிகமாத்தாம்மா. புது மெஷின் வந்ததும் திரும்பப் போட்டுடலாம்."

"அடுத்த வருஷமா சார்?"

"நீங்க நிறுத்துங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

கம்பளியக்கா எழுந்து நின்றாள். அவள் குரல் உயரவில்லை. அது உயரும் குரல் இல்லை. ஆனால் அதில் ஏதோ ஒன்று கெட்டியாகிவிட்டிருந்தது.

"நான் நிறுத்த மாட்டேன் சார்."

"என்னம்மா இது?"

"வாய் இருக்கறவங்க எல்லாரும் கத்தினாங்க, ரெண்டு ரெண்டு போட்டோம். வாய் திறக்காதவங்க ஒண்ணும் கேக்கல. அதுக்கு அவங்க வாயையே மூடச் சொல்றீங்க. நிறுத்தணும்னா நீங்களே நிறுத்துங்க. என் கை அந்தப் பட்டனை அமுக்காது."

இத்தனை வருஷத்தில் அவள் முடியாது என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவளும் கேட்டதில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம்," என்றார் கடைசியில். "அதுக்குள்ள வேகம் வரலைன்னா நானே நிறுத்தறேன். சொன்ன பேச்சை மீறினதுக்கு உங்க மேல எழுதவும் செய்வேன். அப்புறம் என்னைக் குறை சொல்லக் கூடாது."

வெளியே வந்ததும் வக்கீல் கேட்டான். "அக்கா, கையில ஏதாவது வெச்சுக்கிட்டுப் பேசினியா, சும்மா பேசினியா?"

"சும்மாதான்."

"வெளங்கிரும்."

குரல் உதவி அறை தரைத்தளத்தில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. வருஷக்கணக்காக அந்த வி.எம்மைப் பராமரித்தவள், அந்த அறைக்கு இரண்டு தடவைகூடப் போனதில்லை என்பது படி இறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கூப்பிட்டவர்களிடம் ஓடியிருக்கிறாள். கூப்பிடாதவர்கள் சௌக்கியம் என்று நினைத்துக்கொண்டாள்.

உள்ளே மூன்று பெண்கள் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவள் மேசையில் வெந்நீர்க் குடுவை. அலுவலகத்தில் அவளைக் குரல்காரி என்பார்கள். காது கேளாதவர் எங்கிருந்தோ தட்டச்சு செய்வது அவள் திரையில் வரும். அதை அவள் மறுமுனைக்காரரிடம் பேசுவாள். அவர் சொல்லும் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்புவாள். தன் பேச்சு என்று ஒரு சொல் சேர்க்க மாட்டாள். அங்கிருப்பவர் திட்டினால் இவளும் திட்டுவாள். அவர் கொஞ்சினால் இவளும் கொஞ்சுவாள்.

கம்பளியக்கா நுழைந்தபோது அவள் போனில், "என் பல்லைப் பிடுங்கிட்டீங்க, சரி. பக்கத்துப் பல்லை எதுக்குங்க பிடுங்கினீங்க?" என்று கறாராகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சுவரோரம் ஒரு முக்காலியில் பெரிய மீசைக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடுப்பில் சாவிக்கொத்து. பேச்சு முடிந்ததும் குரல்காரி அவரைக் காட்டினாள்.

"இவர் பூட்டுக்காரர், காது கேக்காது. சாவி தொலைச்சவங்க, கதவு சாத்திக்கிட்டவங்க எல்லாரும் இவரைத்தான் கூப்பிடுவாங்க. நம்ம வழியாத்தான். மாடியில மெஷினெல்லாம் படுத்துக்கிச்சாம், இதுவும் நின்னுடுமான்னு கேட்டுட்டுப் போக வந்திருக்கார்."

பூட்டுக்காரர் தன் போனில் தட்டி நீட்டினார். கம்பளியக்கா படித்தாள். 'இந்த ஊரில் என் குரல் பெண் குரல். கேட்டுவிட்டுக் கதவருகே நிற்பவர்கள் என் மீசையைப் பார்த்ததும் பயந்துபோவார்கள். அதைத் தவிர இந்தச் சேவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.'

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. போனை வாங்கி மறுபடி தட்டினார். 'நிறுத்தப்போகிறீர்களா?'

அவள் அவர் முகத்தைப் பார்த்து, உதடு தெளிவாகத் தெரியும்படி, "மாட்டேன்," என்றாள். சொல்லியாகிவிட்டது. இப்போது இது வாக்கு.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள். அடுத்த அழைப்பு வந்திருந்தது. யாரோ எழுத எழுத, குரல்காரியின் திரையில் எழுத்துகள் தண்ணீர் மாதிரி ஓடி வந்தன. ஒரு தயக்கம் இல்லை, ஒரு தேக்கம் இல்லை.

"இது எப்பவும் இப்படித்தான் வருமா? திங்கட்கிழமைக்கு அப்புறமும்?"

"ஆமா. ஏன், நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

கம்பளியக்கா படிகளை ஓடிக் கடந்தாள்.

வக்கீலை இழுத்து உட்காரவைத்து, இருவருமாக மெஷினின் கணக்குகளைத் திறந்தார்கள். குரல் உதவியிடம் இருந்தது ஒரே ஒரு ப்ராசஸர். யாரும் போன் பண்ணாததால் யாரும் இரண்டு போடவில்லை. அது காத்திருந்த நேரம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பதினாறு வைத்திருந்த கணக்குப் பிரிவோ, வேலை செய்த நேரத்தைவிடக் காத்திருந்த நேரமே அதிகம். இதெல்லாவற்றையும்விட விசித்திரம், பெரிய மெஷின் பாதிக்குப் பாதி சும்மா இருந்தது.

"இடம் காலியா இருக்கு. ஆனா எல்லாரும் இடத்துக்காக நிக்கறாங்க," என்றாள். "எப்படி?"

"கோர்ட்டுல கேட்டா பொய்ச் சாட்சின்னு சொல்லுவாங்க," என்றான் வக்கீல். "வா, சாப்பிட்டு வந்து மண்டையை உடைச்சுக்கலாம்."

கேன்டீனில் அன்றைக்கும் வழக்கமான கூத்து நடந்துகொண்டிருந்தது. கணக்குப் பிரிவு மொத்தமும் ஒன்றாகத்தான் உட்காரும். தலைமைக் கணக்கரின் கட்டளை அது. பிரிவு என்றால் ஒற்றுமை வேண்டும் என்பது அவர் கொள்கை. ஆகவே தட்டை ஏந்திக்கொண்டு அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். நீள மேசையில் காலியான நாற்காலிகளில் எல்லாம் கைக்குட்டை விரித்திருந்தார்கள். ஓரத்தில் இன்னும் மூன்று பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எழுந்தால்தான் இவர்கள் உட்காருவார்கள். அதுவரை அந்த நாற்காலிகளில் இவர்களும் உட்காரவில்லை, வேறு யாரும் உட்கார முடியவில்லை. பின்னால் குடிநீர்ப் பிரிவு எட்டுப் பேர், அவர்களும் சேர்ந்தே உட்காருவதற்காக நின்றிருந்தார்கள்.

குரல்காரி வந்தாள். தூண் ஓரம் ஒற்றை நாற்காலி ஒன்று இருந்தது. உட்கார்ந்தாள், சாப்பிட்டாள், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள். கணக்குப் பிரிவின் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது.

கம்பளியக்காவின் கைக் கவளம் வாய்க்குப் போகாமல் நின்றது.

"வக்கீல், அங்க பாரு."

"தினமும் பாக்கறதுதானே?"

"பதினாறு ப்ராசஸர் கேட்ட மெஷின், பதினாறும் ஒண்ணா காலியாகற வரைக்கும் நிக்குது. ஒண்ணு கேட்டது வந்ததும் உக்காந்துடுது." அவள் மூச்சு வாங்கினாள். "முன்னாடி நம்மகிட்ட மொத்தம் நாப்பது ப்ராசஸர் இருந்துச்சுல்ல?"

வக்கீல் தட்டைத் தள்ளி வைத்தான். அவனுக்கும் இப்போது புரிந்துவிட்டது. மெஷினில் உண்மையில் இருந்தது இருபதுதான். பழைய மென்பொருள் ஒவ்வொன்றையும் இரண்டாகக் கணக்கிட்டு நாற்பது என்று காட்டியது. ஞாயிற்றுக்கிழமை போட்ட புதியது, பாதுகாப்புக்காக அந்த இரட்டைக் கணக்கை ரத்து செய்துவிட்டது. நாற்பது நாற்காலி இருந்தபோது பதினாறு பேர் சேர்ந்து உட்கார்வது பெரிய காரியமில்லை. இருபதில் பதினாறு?

"அதுல நாம ரெண்டு ரெண்டா அள்ளிப் போட்டிருக்கோம்," என்றான் வக்கீல் மெதுவாக. "தாகத்துக்கு உப்புத் தண்ணி குடுத்த மாதிரி."

நல்லெண்ணத்தில் கொடுத்ததும் சில சமயம் சுமையாகிவிடும். கொடுத்தவர் அதைத் திரும்ப எடுக்கத் துணிவதும் ஓர் அன்புதான். ஆனால் அதைச் செய்யும்போது யாரும் கைதட்டுவதில்லை.

மேலாளரிடம் போய்ச் சொன்னார்கள். அவர் இரண்டு கையையும் தூக்கினார். "வேகம் இல்லைன்னு குதிக்கறவங்ககிட்டப் போய் இருக்கறதையும் குடுன்னு கேக்கவா? தலைமைக் கணக்கர் என்னை உயிரோட விடமாட்டார். வேற வழி பாருங்க."

வேறு வழி தேடி அவள் பதிவு அலுவலகத்துக்குப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பதிவு எழுத்தர் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வரிசையில் கைக்குழந்தையோடு பெண்கள், இறப்புச் சான்றிதழுக்கு வந்தவர்கள், எரிச்சலின் விளிம்பில் எல்லாரும்.

"உங்க மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தி, எட்டுல ஆறை எடுத்துக்கட்டுமா?"

"எனக்கு எட்டு இருந்துச்சா?" என்றாள் எழுத்தர். "எனக்கே தெரியாதே! பன்னெண்டா ஆக்கித் தர வந்தியோன்னு பாத்தேன்."

"குறைச்சாத்தான் வேகம் வரும்னு நினைக்கறேன். நிச்சயமாத் தெரியாது. வேற யாரும் சம்மதிக்க மாட்டாங்க."

எழுத்தர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு வரிசையைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "கொஞ்ச நேரம் மெஷின் நிக்கும். திட்டறவங்க இப்பவே திட்டிக்கலாம்."

முணுமுணுப்பு எழுந்தது. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர், "காலையிலேருந்து நிக்கறோம். இன்னும் கொஞ்சம் நின்னா கால் ஒடிஞ்சா போயிடும்? செய்யும்மா," என்றார். தன் பின்னால் குழந்தையோடு நின்ற பெண்ணைத் தனக்கு முன்னால் வரச் சொன்னார். வரிசை அடங்கியது. யாரோ ஒருவர் இடம் கொடுத்தால் போதும், ஒரு கூட்டத்தின் மனமே நகர்ந்து உட்காருகிறது.

எட்டு இரண்டானது. மெஷின் எழுந்தது. குழந்தையின் பெயரை அடித்து எழுத்தர் பொத்தானைத் தட்டினாள். திரும்பித் தண்ணீர்ப் பாட்டிலை எடுப்பதற்குள் காகிதம் வெளியே வந்துவிட்டது. பழைய வேகம் முழுதாக இல்லை. அடுத்ததற்குக் கொஞ்சம் நின்றது, அதற்கடுத்தது ஓடியது. ஆனால் வரிசை நகர்ந்தது.

"அந்தப் பெரிய யானை இன்னும் நடுவீட்டுல படுத்திருக்கு," என்றான் வக்கீல், கணக்குப் பிரிவை நினைத்து.

அன்று வீட்டில் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. கணவன் லிஃப்ட் மெக்கானிக். கை நகத்தில் கிரீஸைச் சுரண்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"நாளைக்கு அவங்க சம்மதிக்கலைன்னாலும் செஞ்சுடலாம்னு இருக்கேன்," என்றாள். "தப்பாப் போனா வேலை போயிடும்."

"போனா என்ன? என்கூட வா. லிஃப்ட் மேல ஏறி உக்காந்து கயித்துக்கு எண்ணெய் விடு. அங்க காத்து சில்லுனு வரும், உன்கிட்டக் கம்பளிச் சட்டையும் இருக்கு."

"விளையாடாதீங்க."

"சரி, விளையாடல." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "யாருக்கும் தெரியாம செய்யப்போறியா, சொல்லிட்டுச் செய்யப்போறியா?"

"சொல்லிட்டு."

"அப்ப தூங்கு."

அவள் படுக்கைக்குப் போகுமுன் கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றாள். வெற்றி கேட்கவில்லை. நாளைக்குக் குரல் நடுங்காமல் இருந்தால் போதும் என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் மதியம் அவள் நேரே கேன்டீனுக்குப் போனாள். கணக்குப் பிரிவு தட்டோடு நின்றுகொண்டிருந்தது. தலைமைக் கணக்கர் முன்னால். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காது ஓரம் பேனா.

"சார், உங்க மெஷினை இப்ப நிறுத்தப்போறேன். பதினாறு ப்ராசஸர்ல நாலு மட்டும் விட்டுட்டு மிச்சத்தை எடுத்துடுவேன். நீங்க சாப்பிட்டு வர்றதுக்குள்ள திரும்ப ஓடும்."

அவர் காதில் விழுந்ததை நம்பவில்லை. "என்னது?"

அவள் திரும்பவும் சொன்னாள்.

"யாரைக் கேட்டும்மா செய்யறீங்க? ஆண்டுக் கணக்கு முடிக்கற நாள்ல எங்க மெஷின்ல கை வெக்க யாரு அனுமதி குடுத்தது?"

"நான் கேட்டுட்டுப் போக வரல சார். சொல்லிட்டுப் போக வந்தேன்."

தலைமைக் கணக்கர் தட்டை மேசையில் வைத்தார்.

"இன்னும் மெதுவாயிட்டா?"

"இதைவிட மெதுவா ஆக முடியுமா சார்?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், கணக்குப் பிரிவிலேயே. தலைமைக் கணக்கரின் காது சிவந்தது. அதற்குள் யாரோ சொல்லி, மேலாளர் மூச்சிரைக்க ஓடிவந்துவிட்டார்.

"நிறுத்துங்கம்மா! என்ன பண்றீங்க?"

"சார், இன்னிக்கு ஏதாவது ஒண்ணை நிறுத்தித்தான் ஆகணும்னு நீங்கதான் சொன்னீங்க. குரல் உதவியை நிறுத்தினா, வருஷம் பூரா நூத்துக்கணக்கான பேர் ஊமையாயிடுவாங்க. இதை நிறுத்தினா, இவங்க சாப்பிடற நேரம் மட்டும் நிக்கும். அதுவும் இவங்க இன்னும் சாப்பிடவே உக்காரல." அவள் கைக்குட்டை விரித்த நாற்காலிகளைக் காட்டினாள். "தப்பா போச்சுன்னா என் மேல எழுதுங்க. இப்பவே எழுதி வெச்சுக்குங்க, கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன். ஆனா செய்யத்தான் போறேன்."

குரல் நடுங்கவில்லை. முழங்கால்தான் நடுங்கியது. அதைப் பற்றி அவள் வேண்டிக்கொள்ளவில்லையே.

மேலாளர் தலைமைக் கணக்கரைப் பார்த்தார். தலைமைக் கணக்கர் மேலாளரைப் பார்த்தார். செய் என்று சொல்ல இருவருக்கும் தைரியம் இல்லை. வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் வரும் பழி தன் தலையில்தான் என்பதும் இருவருக்கும் தெரியும். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அவள் திரும்பி நடந்துவிட்டாள். வக்கீல் வாயில் இருந்ததை மென்றுகொண்டே பின்னால் ஓடினான்.

சர்வர் அறையில் அவள் கம்பளிச் சட்டையின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டாள். மெஷினின் இரும்புக் கதவில் உள்ளங்கையை வைத்தாள். எந்த வி.எம்மை நிறுத்தினாலும் அவள் அப்படிச் செய்வது வழக்கம். "கடவுளே, இதுக்குள்ள யாரோட உழைப்பும் வீணாகாமப் பாத்துக்க." பிறகு கணக்குப் பிரிவின் மெஷினை முறையாக அணைத்தாள். பதினாறை அழித்து நாலு என்று போட்டாள். மறுபடி எழுப்பினாள்.

திரையில் மூன்று நாளாக மலை மாதிரி நின்ற காத்திருப்புக் கோடு சரிந்து சரிந்து தரையைத் தொட்டது. கணக்குப் பிரிவுடையது மட்டுமல்ல. குடிநீர், தெருவிளக்கு, பதிவு என்று ஒவ்வொன்றாக எல்லாமே.

"யானை எந்திரிச்சுப் போயிடுச்சு," என்றான் வக்கீல். வாதாட ஒன்றும் கிடைக்காமல் அவன் மூக்கைத் தேய்த்துக்கொண்டான்.

நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு போன் அடித்தது. தலைமைக் கணக்கர்.

"என்னம்மா பண்ணீங்க? காலையிலேருந்து வராத அறிக்கை, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காரறதுக்குள்ள வந்து நிக்குது. பயந்து ரெண்டு கூடப் போட்டுட்டீங்களா?"

"இல்ல சார். சொன்ன மாதிரி பன்னெண்டை எடுத்துட்டேன்."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். தொண்டையைச் செருமும் சத்தம்.

"அப்படின்னா," என்றார் அவர் தாழ்ந்த குரலில், "இன்னும் ரெண்டு எடுத்துப் பாக்கலாமாம்மா?"

சாயங்காலம் மேலாளர் அவளைக் கூப்பிட்டார். சொன்னபடி எழுதி வைத்திருந்தார். மேலதிகாரியின் ஆணையை மீறியதற்கு விளக்கம் தேவை என்று ஒரு காகிதம். மனிதர் பயந்தவரே தவிர வாக்குத் தவறாதவர். அவள் நின்றபடியே கீழே இரண்டு வரி எழுதினாள். 'மீறியது உண்மை. குரல் உதவியை நிறுத்தச் சொன்னால் இன்னொரு முறையும் மீறுவேன்.'

அவர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். மேலிடத்துக்கு அனுப்பும் தட்டில் வைக்கக் கை போனது, நடுவழியில் நின்றது. மேசை இழுப்பறையைத் திறந்து உள்ளே போட்டு மூடினார்.

"பாக்கலாம்," என்றார்.

அந்தச் சொல் இவ்வளவு இனிமையானது என்று அவளுக்கு இதுவரை தெரியாது.

அவள் தன் இடத்துக்குத் திரும்பியபோது வக்கீல் போனைக் காதில் வைத்துக்கொண்டு விழித்துக்கொண்டிருந்தான். "அக்கா, யாரோ விளையாடறாங்க. பொம்பளைக் குரல். ஆனா 'நான் பூட்டுக்காரன்'னு சொல்லுது."

அவள் போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் பூட்டுக்காரன் பேசறேன்," என்றது குரல்காரியின் குரல், ஒரு சொல்கூடச் சேர்க்காமல், குறைக்காமல். "புகார் சொல்லக் கூப்பிட்டேன். இந்த நம்பருக்குக் கூப்பிடலாம்னு இத்தனை வருஷமா எங்ககிட்ட யாரும் சொல்லல. என் புகார் என்னன்னா, எழுத்து ரொம்பப் பொடிசா தெரியுது. எனக்கும் வயசாகுது."

கம்பளியக்காவின் கண்கள் நிறைந்துவிட்டன. "பெரிசாக்கித் தர்றேன். நாளைக்கே. வேற என்ன வேணும்? எது வேணும்னாலும் கேளுங்க."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம். பிறகு குரல்காரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு, மீசைக்காரரின் மிடுக்கோடு படித்தாள்.

"மத்தவங்களுக்கெல்லாம் ரெண்டு ரெண்டு குடுத்தீங்களாமே. எங்களுக்கு?"

"அது மட்டும் கிடையாது," என்றாள் கம்பளியக்கா. "அதைத் தவிர எல்லாம் உண்டு."